சங்கம் சேராத விக்கியர்

மக்களே, கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோமா? 2004ல விக்கிமீடியா அறக்கட்டளை முதன்முதலா தேர்தல் வெச்சு ரெண்டு பேரை அறங்காவலர் குழுவுக்கு எடுத்தது. ஓட்டுப் போட்டது விக்கியில் தொகுக்கிறவங்க. எந்தச் சங்கத்து ஆளுன்னு யாரும் கேட்கலை.

2008ல குழுவை மாத்தி அமைச்சாங்க. பத்து இடத்துல மூணு தொகுப்பாளர் ஓட்டுக்கு, ரெண்டு நாட்டுக் கிளைகளுக்கு. சிக்கலே இங்கதான். ஆபீஸ்ல ஆணி புடுங்கினது போக, ராத்திரி உக்காந்து எழுத்துப்பிழை திருத்துற மனுஷனுக்குக் கிளையும் இல்லை, சங்கமும் இல்லை. (பல நாட்டுல கிளையே கிடையாதுங்க!) கிளைக்காரருக்கு ரெண்டு வாசல், இவருக்கு ஒண்ணு.

2020ல விதியைத் திருத்தி, இரு தரப்புக்கும் பொதுவா எட்டு இடம்னு ஆக்கினாங்க. நல்ல விஷயம். ஆனா 2022 தேர்தல்ல கிளைகள், குழுக்களோட பிரதிநிதிகள் முதல்ல ஆறு பேரை வடிகட்டினாங்க. அந்த ஆறு பேர்ல இருந்துதான் மத்தவங்க ரெண்டு பேரைத் தேர்ந்தெடுக்க முடிஞ்சது. எனக்கு இது உறுத்துது.

அப்புறம் வந்தது இயக்க சாசனம். அறக்கட்டளையோட அதிகாரத்துல ஒரு பங்கை உலகப் பேரவைக்குக் கொடுக்கற திட்டம். 2021ல அமைஞ்ச வரைவுக் குழுவின் 15 பேர்ல ஏழு பேர் பொது ஓட்டுல வந்தவங்க. 2024 ஜூன், ஜூலையில வாக்கெடுப்பு. தனிநபர்கள் 73 சதவீதம், அமைப்புகள் 84 சதவீதம் ஆதரவு. ஆனாலும் அறங்காவலர் குழு ஒப்புதல் தரலை, சாசனம் நிறைவேறலை.

தனி ஆளும் சங்கமும் ஒண்ணா தலையாட்டின விஷயமே இப்படி ஆச்சு. நீங்க என்ன சொல்றீங்க?