வெயில் டயர்

கொழிஞ்சாம்பாறையில் நான் டயர் கடை போட்டு முப்பது வருடம் தாண்டிவிட்டது. போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் ஸ்போர்ட்ஸ் காரில் வந்தான். "அண்ணா, இந்த சம்மர் டயர் நம்ம ரோட்டுக்குத் தாங்குமா?" என்றான். "எந்த வழியாப் போவீங்க தம்பி?" என்று கேட்டேன்.

எங்கள் தொழிலில் எல்லாக் கணக்கும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கும். அதை நான் கற்றது ரீட்ரெடிங் பட்டறையில். பட்டன் தேய்ந்து மொட்டையான லாரி டயரைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து எடுப்போம். ஆறியதும் மேஸ்திரி கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பார். நகம் இறங்கினால் பிடி அதிகம், இறங்காவிட்டால் உழைப்பு அதிகம். இரண்டும் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்காது. லாரிக்காரர் உழைப்பைக் கேட்பார், வேகக்காரர் பிடியைக் கேட்பார்.

இந்த ரப்பர் எங்கள் பக்கத்து மலைச்சரக்கு. இடுக்கி மலையிலிருந்து இறங்கும் பெரியாற்றின் கரையில், தட்டேக்காட்டில், 1902-ல் ரப்பர் தோட்டம் போட்டார்கள். வணிகத்துக்காக இந்தியாவில் போட்ட முதல் தோட்டம் அது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை, 1952-ல் ரீட்ரெடிங் ரப்பருக்கு மாறினார். 1961-ல்தான் அவருடைய எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை வந்தது. பழைய டயருக்கு உயிர் கொடுத்த தொழில்தான் புது டயருக்கு வழிவிட்டது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

பிடியைக் கேட்கும் வேகக்காரர்கள் பந்தயத்தில் இருந்தார்கள். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார்கள் ஓடின. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி எஞ்சினைப் போட்டுச் சின்னப் பந்தயக் கார்கள் கட்டினார். 1995-ல் அவர் இறந்தார். செட்டிபாளையம் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான்.

அதே கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். அந்த வருட விதிப்படி பந்தயம் முழுவதையும் ஒரே செட் டயரில் முடிக்க வேண்டும். ஜூன் 19, இண்டியானாபொலிஸ். அங்கே ஒரு வளைவு சாய்வாக மேடேறிக் கிடக்கும். வண்டியின் பாரமெல்லாம் டயரின் பக்கச்சுவரில் இறங்கும். பயிற்சியிலேயே மிச்செலின் டயர் ஒன்று அங்கே பழுதாகி, கார் சுவரில் மோதியது. பந்தயத்தன்று மிச்செலின் மாட்டிய 14 கார்களும் ஒரு சுற்று போய்விட்டு உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் மாட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது. ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் அவர். உலகத்தின் பெரிய நிறுவனமே 'எந்த வழி' என்ற கேள்வியில் தவறியதை அன்று டிவியில் பார்த்தேன்.

அந்தப் பையனிடம் சொன்னேன்: வாளையார், பாலக்காடு பக்கம் சித்திரையில் 40 டிகிரி அடிக்கும், இந்த டயர் அதற்கென்றே பிறந்தது. பக்கச்சுவரில் தேய்மான எண் 200 என்றிருக்கிறது, சீக்கிரம் தேயும், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் உடுமலை, சின்னாறு, மறையூர் தாண்டி மூணாறு ஏறினால் கதை வேறு. மார்கழி, தை விடியலில் அங்கே புல்மேல் உறைபனி கிடக்கும். 7 டிகிரிக்குக் கீழே இந்த ரப்பர் விறைக்கும், பிடி விட்டுப்போகும்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். மூணாற்றிலிருந்து இருட்டோடு இறங்காதீர்கள். வெயில் ஏறி ரோடு காயட்டும், பிறகு வண்டியை எடுங்கள்.