ஹீலோ கடற்கரைப் பூங்கா: காலியாக விடப்பட்ட ஊர்

ஹவாயின் பெரிய தீவில், கிழக்குக் கரையில் இருக்கிறது ஹீலோ. மழைக்குப் பேர்போன ஊர். வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். நம்ம சென்னையைப் போல இரண்டு மடங்கு. வளைகுடாவை ஒட்டிக் கறுப்பு மணல், அதை ஒட்டி நீண்ட புல்வெளி, பந்து மைதானங்கள். நான் பார்த்தபோதும் தூறல்தான். பையன்கள் அதைச் சட்டை செய்யாமல் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு நடுவே, கடலைப் பார்த்த மாதிரி இவ்வளவு இடம். யாருமே வளைத்துப் போடவில்லையா என்றுதான் நமக்குத் தோன்றும். போட்டுத்தான் இருந்தார்கள். கடைகள், ரயில் பாதை எல்லாம் இருந்தன. கொஞ்சம் தள்ளி வையாக்கேயா பகுதியில் ஷின்மாச்சி என்றொரு ஜப்பானியர் குடியிருப்பு. 'புது ஊர்' என்று அர்த்தம்.

1946 ஏப்ரல் 1 காலை, அலாஸ்கா பக்கம் அலூஷியன் தீவுகளில் உண்டான சுனாமி இங்கே வந்து மோதியது. எந்த எச்சரிக்கையும் கிடையாது. ஹவாய் முழுக்க 159 பேர் இறந்தார்கள். அதில் 96 பேர் ஹீலோவில். ரயில் பாதை போனது போனதுதான், திரும்ப ஓடவில்லை. ஆனால் வையாக்கேயாவில் ஜனங்கள் மறுபடி வீடு கட்டிக்கொண்டார்கள். 1949-ல் ஹவாயில் சுனாமி எச்சரிக்கை மையமும் வந்தது. இனிமேல் முன்கூட்டியே தெரிந்துவிடும் அல்லவா?

தெரிந்தது. 1960 மே 22 அன்று சிலியில் 9.5 அளவு நிலநடுக்கம். அலை பசிபிக்கைக் கடந்து ஹீலோவுக்கு வரச் சுமார் 15 மணி நேரம் ஆனது. அன்று இரவு எட்டரை மணிக்கே சங்கு ஊதிவிட்டார்கள். ஆனாலும் பலர் கிளம்பவில்லை. சிலர் வேடிக்கை பார்க்கவே வந்தார்கள். நள்ளிரவில் வந்த முதல் அலைகள் சின்னதாக இருக்கவே, அவ்வளவுதான் என்று திரும்பியவர்களும் உண்டு. 1:04-க்குப் பெரிய அலை வந்தது. 61 பேர் இறந்தார்கள். வையாக்கேயா கடிகாரம் அந்த நேரத்திலேயே நின்றுபோனது. இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தடவை திரும்பக் கட்டவில்லை. 'காய்கோஓ' என்ற திட்டத்தில் கடைகளையும் அலுவலகங்களையும் மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். தாழ்ந்த நிலம் பூங்காவானது. சங்கு ஊதினால் அதை யாராவது நம்பி ஓட வேண்டும். ராத்திரியில் ஆளில்லாத புல்வெளிக்கு அந்தக் கவலை இல்லை. இதற்கான விலையும் சின்னதல்ல. ஷின்மாச்சி இன்று ஒரு நினைவுச்சின்னத்தில் பெயராக மட்டும் இருக்கிறது.

2004-ல் அதே ஹவாய் மையம் சுமத்ரா நிலநடுக்கத்தைச் சில நிமிடங்களிலேயே கண்டுகொண்டது. ஆனால் நாகப்பட்டினத்துக்குச் சொல்ல ஓர் ஏற்பாடும் அப்போது இல்லை. ஹைதராபாத் மையம் 2007-ல்தான் வந்தது. சுனாமிக்குப் பிறகு நம்ம மீனவர்களைக் கரையிலிருந்து தள்ளிப் போகச் சொன்னபோது அவர்கள் தயங்கியதை வெறும் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. படகும் வலையும் கரையில் இருக்க, வீடு மட்டும் தூரத்தில் எப்படி? அதைவிட, நாங்கள் காலி செய்த இடம் நாளைக்கு யார் கைக்குப் போகும்? நியாயமான கேள்வி. ஹீலோவில் அது பையன்கள் பந்து விளையாடும் பொது இடமாகவே இருக்கிறது. இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று அவர்களுக்கு யார் உறுதி கொடுப்பது?