நீர்த்துளியின் வடிவம்

திரவத்தைத் தன்போக்கில் விட்டால் அது உருண்டையாகத் திரள்கிறது. காரணம் பரப்பு இழுவிசை. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தஞ்சாவூர் மாவட்டம் திருப்பனந்தாளில், கொள்ளிடத்துக்குத் தெற்கே விரியும் நெல்வயல்களில், மார்கழி விடியலில் வரப்போரம் குனிந்தால் போதும். தாளடிப் பயிரின் இலைநுனிகளில் துளிகள் நிற்கும். எல்லோரும் பனி என்பார்கள். நுனியில் நிற்பது பெரும்பாலும் பனியல்ல; இரவில் வேர் உறிஞ்சி மேலே தள்ளிய நீர், இலைநுனித் துளைகள் வழியே கசிந்து நிற்கிறது. எப்படி வந்தாலும் வடிவம் ஒன்றுதான்.

துளியின் உள்ளே இருக்கும் மூலக்கூறை அண்டை மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கு வெளிப்பக்கம் இழுக்க ஆளில்லை. அதனால் பரப்பு விரிய விரிய ஆற்றல் செலவாகும். துளியோ அந்தச் செலவை முடிந்தமட்டும் குறைக்கிறது. ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த பரப்புள்ள வடிவம் கோளம். கனசதுரத்தை அதே அளவு கோளமாக உருட்டினால் பரப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும். 20 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.0728 நியூட்டன். பாதரசத்துக்கு இதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். உடைந்த வெப்பமானியிலிருந்து அது குண்டுமணியாய்ச் சிதறி ஓடுவது அதனால்தான்.

இப்படி இறுக்கிப் பிடிப்பதால் துளிக்குள் அழுத்தம் கூடுகிறது. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள நீர்த்துளிக்குள் வெளிக்காற்றைவிட 146 பாஸ்கல் அதிகம். துளி சிறுக்கச் சிறுக்க இது ஏறும். பெரிய துளியில் புவியீர்ப்பின் கை ஓங்கிவிடுகிறது. மழைத்துளியை மேலே கூராக வரைவது ஓவியர் வழக்கம். வானத்தில் அப்படி ஒரு துளி விழுவதில்லை. குறுக்களவு 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கிட்டத்தட்ட உருண்டை. அதற்கு மேல் காற்று அடியிலிருந்து தள்ளுவதால் அடி தட்டையாகி இட்லி போலாகும். இன்னும் பெருத்தால் உடைந்து போகும்.

காவிரிக்கரைக்கு இந்தத் துறையில் உறவு உண்டு. திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன், சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்த 1907இலேயே, வளைவைக் கொண்டு திரவங்களின் பரப்பு இழுவிசையைக் கணிக்கும் முறை பற்றி லண்டனின் ‘பிலசாபிகல் மேகசின்’ இதழில் எழுதினார். அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1965இல் சுழலும் திரவத்துளி எதுவரை நிலைகுலையாமல் இருக்கும் என்று ஆராய்ந்தார். நட்சத்திரங்களைப் படித்தவருக்குத் துளி அந்நியமல்ல. சுழன்றால் இரண்டுமே நடுவில் பருக்கும்.

துளி எதன்மேல் அமர்கிறது என்பதும் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. துடைத்த கண்ணாடியில் நீர் பரவிவிடும். நெல் இலையில் பரவாது: மெழுகு பூசிய நுண்புடைப்புகள் துளிக்கு அடியில் காற்றைத் தக்கவைக்கின்றன, சேர்கோணம் 150 டிகிரிக்கும் மேல். தாமரையிலைத் தண்ணீர் என்று பழமொழியில் தாமரைக்குக் கிடைத்த பெயர் நெல்லுக்கும் நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு. நெல் இலையின் புடைப்புகள் நீளவாக்கில் வரிசையாக நிற்பதால் துளி நீளவாக்கில் 3 முதல் 5 டிகிரிச் சாய்விலேயே உருண்டுவிடும். குறுக்கே உருள 9 முதல் 15 டிகிரி வரை வேண்டும்.

மருந்து அடிப்பவருக்கு இது தலைவலி. தெளிப்பானிலிருந்து வரும் துளி இலையில் பட்டு உருண்டு சேற்றில் விழும். அதனால்தான் டேங்கில் ஒட்டும் திரவம் கலக்கிறார்கள். வேப்பங்கொட்டைச் சாறு என்றால் கொஞ்சம் காதி சோப்பு. சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் கீழே இறக்க, துளி உருண்டையை விட்டு இலையோடு படிந்துகொள்கிறது. அளவு மிஞ்சினால் படிந்த மருந்து வழிந்து மண்ணுக்கே போய்விடும்.