திரைக்குள் ஒரு காகிதச் சுருள்

கணினி வந்து சங்கீதத்தைக் கெடுத்துவிட்டது என்பவர்களும், கணினி வந்ததால் சங்கீதம் எல்லோருக்கும் கிட்டிவிட்டது என்பவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். இரு தரப்பாருமே திரையைப் பார்ப்பதில்லை. எந்திரம் என்று பொதுவாக ஒன்றைச் சொல்லி, அதைத் திட்டுகிறார்கள் அல்லது கும்பிடுகிறார்கள். அந்தத் திரையில் என்ன வரையப்பட்டிருக்கிறது, அது ஏன் அப்படி இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்ற கேள்விகள் எழுவதே இல்லை. கவிதையில் வடிவம் பற்றி இத்தனை வருஷம் சண்டை போட்ட நமக்கு, இன்று இசை எழுதப்படும் பக்கத்தின் வடிவம் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை என்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

நான் இசை கற்றவன் அல்லன், கேட்பவன். பிழைப்பு வங்கியில். படிவங்களோடு பழகியவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன். படிவத்தில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றனவோ அத்தனைதான் உலகம். எதிரில் நிற்பவர் சொல்லும் கதையில் கட்டங்களுக்குள் அடங்காதவை எல்லாம் 'இதர விவரங்கள்' என்ற ஒற்றை வரிக்குப் போய்ச் சேரும். அந்த வரியை மேலிடத்தில் யாரும் படிப்பதில்லை. இசை மென்பொருளிலும் அப்படி ஓர் 'இதர விவரங்கள்' வரி உண்டு. நம் சங்கீதத்தின் உயிரான பகுதி அங்கேதான் போய் விழுகிறது. இது எப்படி நேர்ந்தது என்பதற்கு நூற்றாண்டைத் தாண்டிய சரித்திரம் இருக்கிறது.

முதலில் பக்கத்தைப் பார்ப்போம். இன்று புழக்கத்திலுள்ள பெரும்பாலான இசை மென்பொருள்களில் ஸ்வரங்களைத் திருத்தும் பக்கத்தைத் திறந்தால், இடது ஓரத்தில் பியானோவின் விசைப்பலகை செங்குத்தாக நிறுத்தி வைத்தாற்போல் தெரியும். ஒவ்வொரு விசையிலிருந்தும் வலப்புறமாக ஒரு வரி நீள்கிறது. குறுக்கே காலத்தைப் பகுக்கும் கோடுகள். ஸ்வரம் என்பது இந்தக் கட்டங்களின் மேல் வைக்கப்படும் ஒரு செவ்வகப் பட்டை. எந்த வரியில் கிடக்கிறதோ அது ஸ்தாயி. எவ்வளவு நீளமோ அது காலம். இதற்குப் பியானோ ரோல் என்று பெயர். அந்தப் பெயர் ஓர் உவமை இல்லை. அது அசலாகவே ஒரு காகிதச் சுருளின் பெயர்.

1895-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எட்வின் வோட்டி என்பவர் பியானோலா என்ற கருவியைச் செய்தார். துளையிட்ட காகிதச் சுருள் உருளும். துளை வந்த இடத்தில் காற்று இழுபடும். அதற்குரிய விசை கீழே அமுங்கும். வியாபாரம் பெருகியது. ஒருவர் சுருள் மற்றவர் கருவியில் ஓடாத நிலை வந்தபோது, 1908-ல் பஃபலோ நகரில் உற்பத்தியாளர்கள் கூடி ஒரு தரத்துக்கு உடன்பட்டார்கள்: காகிதத்தின் அகலம் பதினொன்றே கால் அங்குலம், 88 விசைச் சுருளில் அங்குலத்துக்கு 9 துளைகள். அந்தச் சுருளில் காலம் மேலும் கீழுமாக ஓடியது. ஸ்வரங்கள் இடமும் வலமுமாக நின்றன. திரை அதைத் தொண்ணூறு பாகை திருப்பிப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். மனத்தில் வைக்க வேண்டியது இது: அந்தச் சுருளின் வாசகன் காற்று. துளை உண்டு அல்லது இல்லை, இதைத் தவிர வேறெதையும் காற்றால் வாசிக்க முடியாது.

இதே காலத்தில் நிகழ்ந்த இரண்டு காரியங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1904-ல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கைச் சேர்ந்த வெல்ட்டே நிறுவனம் வெல்ட்டே-மின்யோன் என்ற கருவியை வெளியிட்டது. வித்வானின் வாசிப்பை, அவருடைய வேகத்தின் நெளிவுகளோடும் விரலழுத்தத்தின் பேதங்களோடும் சுருளில் பிடித்துத் திரும்ப வாசிக்கும் கருவி அது. அதே 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சிட்டார். முத்துசுவாமி தீட்சிதர் குடும்பத்தின் கிருதிச் செல்வம், தெலுங்கு எழுத்தில், ஸ்வரங்களோடு கமகக் குறிகளும் சேர்த்து. இந்தக் காரியத்துக்கு அவரைத் தூண்டியவர்களில் சின்னசாமி முதலியார் முக்கியமானவர். கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டு ஸ்வரக்குறிப்பில் அச்சிட 1890-களில் பாடுபட்டவர் அவர்.

இரண்டுமே மறைந்துவிடும் வாசிப்பைக் காகிதத்தில் நிறுத்தும் முயற்சிகள்தாம். ஆனால் சுருள் எந்திரத்துக்காக எழுதப்பட்டது. பிரதர்சினி மனிதனுக்காக எழுதப்பட்டது. தீட்சிதரின் கமகக் குறி ஓர் ஞாபகமூட்டல். அதைப் பார்க்கிறவன் கேட்டிருக்க வேண்டும், பாடியிருக்க வேண்டும். குறிக்கும் பாட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அவன் தொண்டைதான் நிரப்ப வேண்டும். சுருளில் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை. எழுதியிருப்பது மட்டுமே ஒலிக்கும். கணினித் திரை இந்த இரண்டில் எதன் வாரிசு என்பதில் சந்தேகமில்லை.

சுருளைக் கட்டிப்போடும் கோடுகளோடு சண்டையிட்ட ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கான்லன் நான்காரோ அமெரிக்கர். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவுக்கு எதிராகப் போரிட்டு, 1940-ல் மெக்ஸிகோ போய்ச் சேர்ந்தவர். 1940-களின் பிற்பகுதியிலிருந்து, விரல்களை நம்பாமல், சுருளில் தாமே துளையிட்டு இசையமைத்தார். அவரிடமிருந்த துளைக்கருவி முதலில் படிப்படியாகத்தான் நகர்ந்தது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் துளைபோட வழியில்லை. காகிதத்தின் எந்த இடத்திலும் துளையிடும்படி பின்னால் அதை மாற்றியமைத்துக்கொண்டார். படிகளுக்கு இடையிலுள்ள காலம் அவருக்குத் தேவைப்பட்டது. இன்றைய திரையில் குவான்டைஸ் என்றொரு கட்டளை இருக்கிறது: கோட்டை விட்டு விலகி விழுந்த ஸ்வரத்தைப் பக்கத்துக் கோட்டுக்கு இழுத்து வைப்பது. நான்காரோ பிரயாசைப்பட்டு வெளியேறிய அறைக்குள், நாம் ஒரு விசையைத் தட்டித் திரும்பிப் போகிறோம்.

சுருள் திரைக்குள் நுழைந்த கதை எழுபதுகளின் இறுதியில் தொடங்குகிறது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் ஃபேர்லைட் என்ற கணினி வாத்தியத்தை வெளிக்கொணர்ந்தார்கள். திரையில் ஒளிப்பேனாவால் தொட்டு எழுதலாம். அதன் திரைகளுக்குப் 'பக்கங்கள்' என்றே பெயர். 1982-ல் வந்த இரண்டாம் வரிசையின் 'ஆர்' பக்கத்தில் 8 குரல்கள் வரிவரியாக, காலம் இடமிருந்து வலமாக அமைந்தன. மறு வருஷம் மிடி வந்தது. வெவ்வேறு கம்பெனிகளின் வாத்தியங்கள் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு பொது பாஷை. டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷியும் அதற்கு முன்னின்றார்கள். அவர்கள் இருவருமே விசைப்பலகை வாத்தியங்கள் செய்தவர்கள். ஆகையால் மிடியில் ஸ்வரம் என்பது ஓர் எண்: 0 முதல் 127 வரை. விசை அமுங்கியது, விசை எழுந்தது. பஃபலோவின் துளைதான் மறுபடியும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மிடி கமகத்தைத் தடை செய்யவில்லை. ஸ்வரத்தை வளைக்க அதில் பிட்ச் பெண்ட் என்ற தனிச் செய்தி உண்டு. 16,384 படிகள் கொண்டது, வழுக்கிச் செல்லப் போதுமானது. அந்த வளைவு ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைத்துவிடும் என்பது பெருங்குறையாகச் சொல்லப்பட்டது. அது பல ஸ்வரங்களைச் சேர்த்து அடிக்கும் இசைக்குத்தான் குறை. ஒற்றை இழையாக ஓடும் நம் சங்கீதத்துக்கு அது குறையே இல்லை. கீபோர்டில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவர்கள் இடது கையால் சக்கரத்தை அசைத்து இதை நிரூபித்திருக்கிறார்கள். ஆக, குழாயில் வழி இருந்தது. பக்கத்தில்தான் இடமில்லை. திரையில் பட்டைகள் நடுவில் பெரிதாக, வண்ணமாகக் கிடக்கின்றன. வளைவோ அடியில் ஒடுங்கிய ஒரு வரியில், தேடித் திறந்தால் மட்டுமே தெரியும்படி இருக்கிறது. நான் சொன்ன 'இதர விவரங்கள்' வரி அதுதான். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துதான் அது தோடியின் காந்தாரமாகிறது. பக்கத்தின் கணக்கில் அது ஒரு பட்டை, கூடவே ஓர் அடிக்குறிப்பு. எங்கள் காதுக்கு அடிக்குறிப்புதான் பாட்டு.

வேறு பக்கங்களும் இருந்தன. 1987-ல் ஜெர்மானியரான கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்காக எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் காலம் மேலிருந்து கீழாக ஓடியது. 4 பத்திகளில் எழுத்தும் எண்ணும். பேரேடு பழகிய எனக்கு அதைப் பார்த்தவுடன் ஒரு சொந்தம் தோன்றியது. ஆனால் ஆண்டது வேறு. 1985-ல் வந்த அட்டாரி எஸ்.டி. கணினி மிடி வாசல்களை உடம்பிலேயே கொண்டிருந்தது. அதில் 1989-ல் ஹாம்பர்க்கின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கியூபேஸை வெளியிட்டது. டிராக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, பாட்டின் பகுதிகள் செங்கற்கள்போல் இடமிருந்து வலமாக. எடுத்து, நகர்த்தி, ஒட்டி அடுக்கலாம். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தச் சுவரையே கட்டினார்கள்.

திரை வடிவம் பற்றிய விவாதங்களில் அதிகம் அடிபடுவது இன்னொரு விஷயம்: பழைய சாமான்களைப் போல் வரையலாமா, கூடாதா. 2000-ல் ஸ்டாக்ஹோமின் ப்ரொப்பெல்லர்ஹெட் வெளியிட்ட ரீசனில் திருகுகளோடு கூடிய பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு விசையைத் தட்டினால் அடுக்கு முதுகைக் காட்டும், கம்பிகள் ஊசலாடும். 2001-ல் பெர்லினிலிருந்து வந்த ஏபிள்டன் லைவ் இந்த வேஷத்தை முழுக்கக் கழற்றியெறிந்தது: தட்டையான கட்டங்கள், உலோகப் பளபளப்பு கிடையாது. முன்னதைப் பழமைமோகம் என்றும் பின்னதை நவீனம் என்றும் சொல்வது வழக்கம். எனக்கு இந்தப் பிரிவினை மேலோட்டமானதாகவே படுகிறது. ஆடும் கம்பி தான் ஒரு போலி என்பதை மறைக்கவில்லை. தட்டையான பக்கமோ எதையும் சுமக்காதது போல் நிற்கிறது. ஆனால் ஸ்வரத்தைத் திறந்தால் அதே விசைப்பலகை, அதே சுருள். கண்ணுக்குத் தெரியும் பழமையைவிடத் தெரியாத பழமை ஆழமானது.

இது இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்பதற்கில்லை. மிடிக்கு 6 வருஷம் முன்பே, 1977-ல், இயானிஸ் ஸெனாக்கிஸின் பாரீஸ் குழு யூபிக் என்ற கருவியை முடித்திருந்தது. பெரிய வரைபலகை, ஒரு மின்பேனா. கோடு வரைந்தால் அது ஒலியாகும். ஏறினால் ஏறும், நெளிந்தால் நெளியும். அதற்கும் முன்னால், 1950-களின் இறுதியில் தொடங்கி, இங்கிலாந்தில் டாஃப்னி ஓரம் சினிமாப் படச்சுருளின்மேல் கோடு வரைந்து ஒலியுண்டாக்கும் எந்திரத்தைச் சமைத்தார். இவர்களுக்கு ஸ்வரம் ஒரு வரி நிறையக் கிடக்கும் பட்டை இல்லை. போகிற போக்கில் தொட்டுச் செல்லும் ஓர் இடம். இருவருக்குமே நம் கமகத்தைப் பற்றிய கவலை இருந்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவர்களுடைய பக்கத்தில் அது குடியிருக்க முடியும். சந்தைக்கு வந்தவை விசைப்பலகைகள். அதனால் சந்தையின் பக்கம் விசைப்பலகையின் பக்கமாயிற்று.

இதிலெல்லாம் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பாடகன் பாடிவிட்டுப் போகிறான், பக்கம் அவன் குரலையா தொடப்போகிறது? தொடுகிறது. 1997-ல் ஆண்ட்டி ஹில்டபிராண்டின் ஆட்டோ-ட்யூன் வந்தது. 2001-ல் மியூனிக்கிலிருந்து மெலோடைன் வந்தது. மெலோடைனின் திரையில் குரல் குமிழ் குமிழாக ஸ்வர வரிகளின்மேல் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குமிழையும் ஊடுருவி ஒரு மெல்லிய கோடு, குரல் உண்மையில் போன பாதை. எத்தனை அழகான படம்! கமகம் கண்ணுக்குத் தெரிந்த பக்கம் இது. ஆனால் அதிலுள்ள கட்டளையின் பெயர் என்ன? திருத்தம். நடுவை வரிக்கு இழுக்கலாம், 'விலகலை'க் குறைக்கலாம். குமிழ் விதி, கோடு விலகல் என்று பெயரிட்டாகிவிட்டது. இந்தப் பெயர்களைக் கற்றுக்கொண்டு வளரும் காது, அசைவைக் கேட்டதும் பிழை என்று நினைக்காதா? என் பயம் இதுதான். நம் பாட்டை அந்த எந்திரம் கெடுக்கும் என்பதைவிட, பிழை எது என்று அது நமக்குக் கற்றுக்கொடுத்துவிடும் என்பது.

குழாய் இப்போது இன்னும் அகலமாகியிருக்கிறது. 2018-ல் ஏற்கப்பட்ட எம்.பி.இ. முறையிலும் 2020-ல் வந்த மிடி 2.0-விலும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே வளைக்கலாம். 2021-ல் ஏபிள்டன் லைவின் 11-ஆம் பதிப்பு ஒவ்வொரு ஸ்வரத்துக்குள்ளும் வளைவு வரைய இடம் தந்தது. நல்லதுதான். ஆனாலும் முதலில் பட்டை, பிறகு வளைவு. தனியே ஒரு பகுதியைத் திறந்தால்தான் அது கண்ணில் படும். 'இதர விவரங்கள்' இன்னும் கொஞ்சம் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறது.

பக்கம் பாட்டை மாற்றும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. ஓலையில் பா வரி பிரியாமல் ஓடிற்று. புள்ளிகூடப் பெரும்பாலும் கிடையாது. யாப்பு தெரிந்தவன் காதால் அடி பிரித்தான். அச்சுப்பக்கம் அடிகளைக் கண்ணுக்குப் பிரித்துக் கொடுத்தது. புதுக்கவிதை அந்தப் பக்கத்தில்தான் வரியை முறிக்கக் கற்றது. பக்கத்தை அறிந்து அதை உபயோகித்தவர்கள் கவிதை எழுதினார்கள்; பக்கம் விட்ட வழியே போனவர்கள் வசனத்தை ஒடித்துப் போட்டார்கள். இசையிலும் இந்த வேறுபாட்டைப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. வேகம் குறிக்கப்படாத மிடி கோப்பை நிமிடத்துக்கு 120 தட்டு, நான்குக்கு நான்கு என்று கொள்ளும்படி அதன் தரம் சொல்கிறது. அதாவது, இசையமைப்பவன் வாயைத் திறக்குமுன் பக்கம் பேசிவிட்டது. ஒரு பாட்டைக் கேட்கும்போது அதில் எவ்வளவு அவன் பேசியது, எவ்வளவு பக்கம் பேசியது என்று பிரித்தறிவது விமர்சகனின் வேலை. அதற்குச் சங்கீத ஞானம் மட்டும் போதாது. அந்தத் திரைமுன் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும்.