அகத்தை வினவிய இரு நெறிகள்

திருவண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், மலையின் மேற்புறத்தே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயிலும் மாணிக்கவாசகர்க்குரிய தனிக்கோயிலும் இவ்வூரின் சிறப்புகளாம். உறங்கும் தோழியை வினவி எழுப்பும் பாங்கில் அமைந்த திருவெம்பாவை, அண்ணாமலையில் பாடப்பெற்றது என்பது மரபு. வினாவினால் விழிக்கச் செய்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று.

அகவாழ்வின் வரலாற்றில் 1896ஆம் ஆண்டு எண்ணத்தக்கது. அவ்வாண்டில்தான் வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு 'உளப்பகுப்பாய்வு' என்னும் சொல்லை முதன்முதலாக அச்சில் வழங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், மதுரையில் மரண அச்சத்தை நேர்நின்று ஆராய்ந்த 16 வயது வேங்கடராமன் திருவண்ணாமலை வந்தடைந்தார். பின்னாளில் உலகம் அவரை ரமணர் என அறிந்தது.

பிராய்டின் நெறியில், துன்புறுவோர் மருத்துவர்முன் தனித்திருந்து, மனத்தில் தோன்றுவனவற்றையெல்லாம் தடையின்றிச் சொல்வர். இளமைக் காயங்கள், ஒடுக்கப்பெற்ற விருப்பங்கள், கனவுகள் ஆகியன மெல்ல வெளிப்படும். மருத்துவர்பால் எழும் அன்பும் சினமும்கூடப் பழைய உறவுகளின் நிழல்களாக ஆராயப்பெறும். நம்மை அறியாமல் நம்மை ஆட்டுவிப்பதை அறிந்தால் அதன் பிடி தளரும் என்பதே இதன் உயிர்நாடி. இந்நெறியை இந்நாட்டில் நிலைநிறுத்த, கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

அண்ணாமலையில் வினா வேறாக இருந்தது. வருவாய்த்துறை அலுவலரான சிவப்பிரகாசம் பிள்ளை 1902இல் கேட்டவற்றுக்கு, மௌனத்திலிருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்?' என்னும் நூலாயின. மனைவி மறைந்தபின், மறுமணம் செய்துகொள்வதா என்னும் தடுமாற்றத்தோடும் பிள்ளை அம்மலைக்கு வந்தார். ரமணரின் அருகிருந்து, அவ்வெண்ணத்தைக் கைவிட்டுத் திரும்பினார். துயரின் வரலாற்றைப் பிராய்டு கேட்டார். துயருறுபவர் யார் என்று ரமணர் கேட்டார்.

உளவியல் அறிஞர் யுங் 1937-38ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இந்தியா வந்தும் திருவண்ணாமலைக்கு வந்தாரல்லர். ரமணரைப் பற்றி ஹைன்ரிக் சிம்மர் எழுதி 1944இல் வெளிவந்த நூலின் முன்னுரையில் அதன் காரணத்தை விளக்கினார். குடும்பப் பொறுப்பைச் சுமந்தபடியே அகநெறியில் நின்ற, ரமணரின் அடியவரான ஓர் எளிய ஆசிரியரைத் தாம் சந்தித்து மதித்ததையும் அதிலே பதிவுசெய்தார்.

இவ்விரு நெறிகளுள் ஒன்று மற்றொன்றன் இடத்தை நிரப்பாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் 28 மனநோயாளர் தீக்கு இரையாயினர். அவருள் பலர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். வழிபாட்டிடத்தை நாடி வந்தோர்க்கு மருத்துவமும் செவிசாய்ப்பாரும் இல்லாது போனதன் விளைவு அது. மனநல மருத்துவம் பெறுதல் அனைவர்க்கும் உரிமை என 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது.

பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையைக் கடந்து செல்வோருள், எவரிடமும் சொல்லாத துயரைச் சுமந்து நடப்போரும் உளர். மலை அவர்க்கு ஆறுதல் தரலாம். உறக்கத்தையும் உழைப்பையும் கெடுக்கும் துயர் நீங்காது நிற்குமாயின், பயின்ற மருத்துவரை நாடுதல் பக்திக்கு இழுக்கன்று. தன்னை அறிய வினவும் மரபில் வந்தவர்க்கு, தன் துயரைச் சொல்லக் கூச்சம் எதற்கு?