பந்தமும் பெற்றோமாக்ஸும்: ஈழத்து அரங்கில் ஒளி நடந்த பாதை

நாடகங்களைப் பற்றி எழுதும் எங்களிடம் பழைய குறைபாடு ஒன்று உண்டு. எழுதியவர், நெறியாளர், நடிகர் ஆகியோரின் பெயர்களை மறவாமல் குறிப்போம். ஒளியமைத்தவர் யார், ஒலியைக் கவனித்தவர் யார் என்று விசாரிக்க மாட்டோம். பத்திரிகைக்கு நாடக விமர்சனம் எழுதிய காலத்தில் நானும் அந்தத் தவறைச் செய்தவன். 'ஒளியும் ஒலியும் சிறப்பாக அமைந்தன' என்ற ஒற்றை வரியுடன் அவர்களைக் கடந்து போயிருக்கிறேன். ஆனால் எங்கள் அரங்கின் வரலாற்றை உற்று நோக்கினால், அதன் வடிவத்தைப் பெருமளவுக்குத் தீர்மானித்தது விளக்குத்தான் என்பது புலனாகும்.

மட்டக்களப்பின் வட்டக்களரியை எடுத்துக்கொள்வோம். நடுவே ஆடுகளம், சுற்றிவர மக்கள். களரியின் ஓரத்துக் கம்பங்களில் பந்தங்கள் எரியும். கூத்து விடியும்வரை நடக்கும். ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதனால் ஆடுபவருக்கு முன்புறம், பின்புறம் என்ற பேதம் இல்லை. அலையும் சுடரில் கண்ணசைவும் உதட்டசைவும் தூரத்தில் இருப்பவருக்குத் தெரியா. ஆகவே பெரிய முடியும், விரிந்த கரப்புடுப்பும், சுடர்பட்டு மின்னும் கண்ணாடித் துண்டுகளும் தேவைப்பட்டன. வெறும் அலங்காரம் என்று நாம் நினைப்பது உண்மையில் ஓர் ஒளித் தொழில்நுட்பம். கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திரும்பப் பாடுவதிலும் இதே நியாயத்தைக் காணலாம். முதுகுப் பக்கம் இருப்பவருக்கும் சொல் போய்ச் சேர்ந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடக மரபின் செல்வாக்கு தமிழகக் குழுக்களோடு இங்கும் வந்து சேர்ந்தது. கொட்டகை எழுந்தது. காட்டுக்கு ஒரு திரை, அரண்மனைக்கு ஒரு திரை என வரைந்த சீன்கள் தொங்கின. மக்கள் ஒரே பக்கத்தில் அமர்ந்தனர். விளக்கும் முன்னால் வந்தது. இசை நாடகக் கலைஞர்கள் ஒலிபெருக்கியை நம்பி வளர்ந்தவர்கள் அல்லர். மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்ற காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் குரல், கடைசி வரிசையில் பாய் விரித்து இருந்தவரையும் எட்ட வேண்டும் என்ற தேவையில் உரம் பெற்ற மரபைச் சேர்ந்தது.

அடுத்த திருப்பம் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கில் புதுப்பாதை திறந்தது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' எனக் கூத்தை மின்னொளி மேடைக்குக் கொண்டுவந்தார். விடியவிடிய ஆடியது சில மணி நேரத்துள் சுருங்கியது. நாற்புறமும் பார்த்து ஆடப் பழகிய ஆட்டம் ஒரு பக்கம் பார்க்கக் கற்றுக்கொண்டது. மின்னொளி மேடைக்கு வெளிச்சத்தை மட்டும் தரவில்லை, சபைக்கு இருளையும் தந்தது. அந்த இருளில் மக்கள் மௌனமாகினர். களரியில் அயலவர் முகம் பார்த்துச் சிரித்தவர்கள் மண்டபத்தில் தனித்தனியாக இருந்து பார்த்தனர். பெற்றதும் இழந்ததும் இரண்டும் உண்டு.

மின்னொளிக்கென ஓர் இலக்கணமும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மக்கான்லெஸ் 1932இல் அதனை நூலாக்கினார். ஒரே விளக்கு நேர் முன்னால் நின்றால் முகம் தட்டையாகும்; கீழிருந்து அடித்தால் பேய் முகமாகும். ஆகவே இரு பக்கமும் மேலிருந்து சுமார் 45 பாகை சாய்வில் இரண்டு விளக்குகள். ஒன்று வெம்மை நிறம், மற்றது குளிர் நிறம். எங்கள் பாடசாலைகளில் இந்நூலை எவரும் வாசித்ததாக நான் அறியேன். ஆனால் பிஸ்கற் தகரத்துள் பல்ப்பைப் பொருத்தி, வண்ணத்தாள் ஒட்டி, இருபுறமும் ஏணியில் கட்டிய அண்ணன்மார் பலரை அறிவேன். அந்த அறிவை மைக் கெடுத்ததும் உண்டு. மேடையின் நடுவே ஒற்றை மைக் நின்றால், அரசனும் சேவகனும் அதனடியில் வந்துதான் பேச வேண்டும். நடிப்பு அங்கே கட்டுண்டுவிடும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாயிற்று. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். அந்நாட்களில் கிராமத்துப் பாடசாலை ஒன்றில் மாலை நாடகம் ஒன்றைப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு சேர்த்த எண்ணெயில் ஒரேயொரு பெற்றோமாக்ஸ் எரிந்தது. படிக்கும் விளக்கின் எண்ணெயை அந்தத் தாய்மார் நாடகத்துக்குத் தந்திருந்தனர்.

விளக்கை மேடையின் முன்னால் தூக்கியபோது அதன் இரைச்சலில் வசனம் கேட்கவில்லை. நெறிப்படுத்திய ஆசிரியர் திரையைக் கழற்றினார். மேடையை விட்டு முற்றத்துக்கு இறங்கினார். மக்களை மூன்று பக்கமும் நெருங்கி இருக்கச் செய்தார். விளக்கின் காற்றுக் குறையும் நேரத்தைக் கணக்கிட்டு, வேலைக்காரன் பாத்திரம் ஒன்று வந்து பம்ப் அடித்துவிட்டுப் போகுமாறு காட்சியையே மாற்றியிருந்தார். எவரும் சிரிக்கவில்லை. அந்த முற்றத்தில் வட்டக்களரி திரும்பி வந்திருந்தது என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

இன்று எல்ஈடி விளக்குகளும் உடையில் செருகும் மைக்குகளும் வந்துவிட்டன. நல்லதே. ஆயினும் முகம் தெரிய வேண்டும், சொல் கேட்க வேண்டும் என்ற இரண்டுக்கும் மேலான விதி அரங்கில் இல்லை. அதனை ஒற்றை விளக்கைக் கொண்டு நிறைவேற்றியவர்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். நாடகப் பிரதிகள் அச்சாகிவிட்டன; இவர்களது கைவேலை எங்கும் பதிவாகவில்லை. உங்கள் ஊரில் ஏணியில் ஏறி விளக்குக் கட்டிய ஒருவர் இன்னும் இருந்தால், அவரிடம் போய்க் கேட்டு எழுதி வையுங்கள். நான் ஒற்றை வரியில் கடந்துபோன கடனில் ஒரு பங்கையாவது அது தீர்க்கும்.