'சின்னத் தொந்தரவு' - கருத்தடை மாத்திரையின் கதை

கருத்தடை மாத்திரை, ஊசி பத்தின எந்தக் கையேட்டை எடுத்தாலும் பக்க விளைவுகள்ல ஒரு வரி இருக்கும்: இடையிடையே ரத்தப்போக்கு, அடிவயிறு வலி, பெரும்பாலும் பயப்பட வேண்டாம். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி ஒரு நீளமான கதை இருக்குங்க.

1950கள்ல அமெரிக்காவுல கிரிகரி பிங்கஸ்ங்கிற விஞ்ஞானியும் ஜான் ராக்ங்கிற மகப்பேறு மருத்துவரும் புரோஜெஸ்டின் ஹார்மோனை வச்சு மாத்திரை சோதனை பண்ணினாங்க. அதுல மெஸ்ட்ரனால்னு ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் ஒண்ணு கசடா கலந்திருந்தது தெரிஞ்சுது. சுத்தப்படுத்தினாங்க. உடனே பெண்களுக்கு மாசத்துக்கு நடுவுல ரத்தம் பட ஆரம்பிச்சிடுச்சு! கருப்பையோட உள்சவ்வை நிலையா வச்சிருக்கிறதே ஈஸ்ட்ரோஜன்தான். அது போதாம போனா சவ்வு மெலிஞ்சு, சின்ன ரத்தக்குழாய்கள் உடைஞ்சு கசியும். அதனால அந்தக் 'கசடை' வேணும்னே திரும்பச் சேர்த்தாங்க. இன்னைக்கும் சாதாரண மாத்திரைகள்ல ரெண்டு ஹார்மோன் இருக்கிறதுக்குப் பின்னாடி இந்தக் கதை இருக்கு.

ஆக, அந்த ரத்தத்தைக் கவனிச்சப்போ மருந்து மேம்பட்டுச்சு. கவனிக்காதப்போ?

1956ல போர்ட்டோ ரிக்கோ தீவுல ஏழைப் பெண்கள்கிட்ட பெரிய சோதனை ஆரம்பிச்சுது. பொறுப்பா இருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதம் பேருக்கு தலைசுத்தல், வாந்தி, வயித்துவலின்னு தொந்தரவு இருக்கு, இது ஏத்துக்கிற அளவு இல்லைன்னு எழுதினார். பிங்கஸ் தரப்பு அதுல நிறைய மனசு சம்பந்தப்பட்டதுன்னு ஒதுக்கிட்டாங்க. 1960ல மாத்திரைக்கு அனுமதி கிடைச்சுது. அளவைக் குறைக்கணும்னு புரிய இன்னும் வருஷங்கள் ஆச்சு.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1980கள்ல நெட்-என் ஊசியை ஹைதராபாத் பக்கம் படான்செருவுல சோதிச்சாங்க. இதுல ஈஸ்ட்ரோஜன் கிடையாது, அதனால ரத்தப்போக்கு மாறுறது எதிர்பார்த்ததுதான். ஆனா இது சோதனைன்னே அந்தப் பெண்களுக்குச் சரியாச் சொல்லலைன்னு ஸ்த்ரீ சக்தி சங்கடனா அமைப்பு கொதிச்சு, மத்தவங்களோட சேர்ந்து 1986ல உச்ச நீதிமன்றம் போச்சு. வழக்கு முடிய 2000 ஆச்சு. டெப்போ புரோவேரா ஊசி 1993ல இந்தியாவுல விற்பனைக்கு வந்தப்பவும் இதே எதிர்ப்பு. 2017ல அதே வகை ஊசி 'அந்தரா'ங்கிற பேர்ல அரசுத் திட்டத்துலயே வந்தது.

ஊசியைத் தப்புன்னு சொல்ல வரலை. நிறைய பேருக்கு உதவுது. ஆனா 'சின்ன' தொந்தரவுங்கிறது யாருக்குச் சின்னது? எங்க கடையநல்லூர் மாதிரி ஊர்ல எப்ப படும்னு தெரியாத ரத்தம்னா ஒருத்திக்கு தொழுகையா, நோன்பா, குழப்பம். பக்கத்து வீட்டுக்காரிக்கு கோயில், விசேஷம், வீட்டு விலக்கு. நெசவுக்கோ பீடி சுத்தவோ உக்கார்ந்தா வயித்துவலியோட தான் உக்காரணும். 2019-21 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை வேற.

முதல் சில மாசம் லேசா ரத்தம் படலாம், அது சகஜம். ஆனா ரத்தம் அதிகமாப் போனாலோ, நிக்காம இழுத்தாலோ, அடிவயிறு சுருக்குன்னு வலிச்சாலோ டாக்டரைப் பாக்கணும். சிலசமயம் கிருமித்தொற்றோ, குழாயில தங்கின கருவோ காரணமா இருக்கலாம். "எல்லாருக்கும் இப்படித்தாம்மா"ன்னு யாராவது சொன்னா, இன்னொரு தடவை கேளுங்க. கேட்டுக்கிட்டே இருந்த பெண்களாலதான் இந்த மருந்து இவ்வளவு தூரம் திருந்தியிருக்கு.